புத்தகமா, திரையா: வழக்கில் இருப்பது எது?



வகுப்பறையில் திரை வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கைப் பார்க்கத் தோதான நாடு ஸ்வீடன். பணத்துக்குப் பஞ்சமில்லை, மின்வெட்டு இல்லை, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் உண்டு. 2019இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் டிஜிட்டல் கருவிகளை மழலையர் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்தது. நான்கே ஆண்டில் காற்று திசை மாறியது. 2023இல் அன்றைய பள்ளிக்கல்வி அமைச்சர் லோட்டா எட்ஹோல்ம் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பும் முடிவை அறிவித்தார். பாடநூல் வாங்க அந்த ஆண்டு 68.5 கோடி குரோனர் ஒதுக்கப்பட்டது.

அந்த விவாதத்தில் அடிக்கடி அடிபட்ட எண் ஒன்று உண்டு. நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் பிர்ல்ஸ் தேர்வில் 2016இல் 555 ஆக இருந்த ஸ்வீடனின் சராசரி, 2021இல் 544 ஆகக் குறைந்தது. புத்தகத்தின் பக்கம் நின்றவர்களுக்கு அது திரை செய்த கேடு. மறுதரப்போ, நடுவில் கொரோனா வந்துபோனதையும் மாணவர்களின் குடும்பப் பின்னணி மாறியிருப்பதையும் சுட்டியது. பதினொரு புள்ளிச் சரிவு இரு தரப்புக்கும் பொதுவானதுதான். அதற்குக் காரணம் தேடிய வழிகள்தாம் தொடக்கத்திலேயே பிரிந்துவிட்டன.

ஏன் அப்படி? அமெரிக்க உளவியலாளர் ஜோனத்தன் ஹைட் 2001இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. அறம் சார்ந்த விஷயங்களில் மனிதர்கள் ஆராய்ந்து முடிவுக்கு வருவது அரிது. முதலில் மனம் சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது, காரணங்கள் பின்னால் வருகின்றன என்றார் அவர். கட்சிக்காரர் குற்றவாளியா இல்லையா என்று விசாரிக்காமல் வாதாடும் வக்கீலைப் போலத்தான் அப்போது அறிவு வேலை செய்கிறது.

இதற்குக் கண்கண்ட உதாரணம் ஒன்று. 2014இல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வு, மடிக்கணினியில் தட்டச்சு செய்த மாணவர்களைவிடக் கையால் குறிப்பெடுத்தவர்களே கருத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள் என்றது. செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. வகுப்பில் மடிக்கணினியைத் தடைசெய்ய விரும்பிய பேராசிரியர்களுக்குப் பிடிமானம் கிடைத்தது. ஹெதர் உர்ரி குழுவினர் அதே ஆய்வைத் திரும்பச் செய்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். தட்டச்சு செய்தவர்கள் அதிகச் சொற்களை, ஆசிரியர் வாயிலிருந்து வந்தபடியே எழுதியது மீண்டும் உறுதியானது. ஆனால் கையெழுத்தால் தேர்வில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட அனுகூலம் உறுதியாகவில்லை. முதல் ஆய்வு பரவிய வேகத்தில் இரண்டாவது பரவவில்லை. பேனாவைக் கைவிடுவது ஏதோ தப்பு என்று ஏற்கெனவே நினைத்திருந்தவர்களுக்கு முதலாவது தேவைப்பட்டது, இரண்டாவது தேவைப்படவில்லை.

இதில் யாருக்கும் விலக்கில்லை. 2024இல் இளம்பருவத்தினரின் மனநலம் பற்றிய நூலை எழுதிய ஹைட், கைப்பேசி இல்லாத பள்ளிகளுக்காகக் குரல் கொடுத்தார். உளவியலாளர் கேண்டிஸ் ஓட்ஜர்ஸ் ‘நேச்சர்’ இதழில் அந்நூலை மதிப்பிட்டு, ஹைட் காட்டும் சான்றுகளில் தொடர்பு இருக்கிறதே தவிர, காரணம் நிறுவப்படவில்லை என்று மறுத்தார். அறச் சண்டைகள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்ந்தவரே அப்படியொரு சண்டையில் ஒரு கட்சியாகிவிட்டார்.

சண்டை திரையைப் பற்றியதுபோலத் தெரிந்தாலும், அடியில் கிடப்பவை வேறு. பிள்ளைப் பருவத்தைக் கறைபடாமல் காக்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்று. ஆசிரியர் முன் பிள்ளையின் கவனம் சிதறுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஒன்று. வசதியுள்ளவருக்குக் கிடைப்பது இல்லாதவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியபோது, ‘சினிமா பார்க்கத்தான் ஆகும், பாதிப்பேர் விற்றுவிடுவார்கள்’ என்ற வகைப் பேச்சும், ‘கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்று இருக்கட்டுமே’ என்ற வகைப் பேச்சும் டீக்கடை வரை வந்தன. முன்னது தகுதியைப் பற்றியது, பின்னது சமத்துவத்தைப் பற்றியது. கணக்குப் பாடத்தில் மதிப்பெண் கூடியதா என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

அறமாகிவிட்ட கருத்து ஆட்களையும் தள்ளிவைக்கும். லிண்டா ஸ்கிட்காவும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு விஷயத்தை அறநம்பிக்கையாகக் கொண்டவர்கள் அதில் மாற்றுக் கருத்து உடையவரிடமிருந்து தங்கள் நாற்காலியைக் கூடுதல் தூரத்தில் போட்டுக்கொண்டார்கள். வெறும் விருப்புவெறுப்பாக இருந்தால் இவ்வளவு விலகல் வராது.

இனி, அந்தக் கேள்வியை அளந்து பார்த்த டெல்லிக்கு வரலாம். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாண்ட்ரோ கனிமியன் மூவரும் 2015இல் அரசுப் பள்ளி மாணவர்கள் 619 பேரிடம் நடத்திய ஆய்வு, 2019இல் அச்சானது. ஆறாம் வகுப்பில் படிக்கும் சராசரிப் பிள்ளை கணக்கில் இரண்டரை வகுப்பு அளவுக்குப் பின்தங்கியிருந்தது. ஆசிரியர் பாடநூலை நடத்திக்கொண்டு போகிறார். பிள்ளைக்கு நான்காம் வகுப்புப் பாடமே எட்டவில்லை. பள்ளி நேரத்துக்குப் பிறகு மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிவழிக் கற்றல் மையத்தில் அந்தப் பிள்ளை கணினி முன் உட்காரும்போது, மென்பொருள் அதற்கு எட்டும் இடத்திலிருந்து கேள்வியைத் தொடங்கியது. சுமார் நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்க அளவுக்கு முன்னேற்றம் தெரிந்தது.

ஆனால் அந்த மையத்தில் ஒரு நாளைக்குத் தொண்ணூறு நிமிடம். அதில் நாற்பத்தைந்து நிமிடம் கணினி, மீதி நாற்பத்தைந்து நிமிடம் சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியரிடம். ஆய்வு அளந்தது இரண்டும் சேர்ந்த தொகுப்பை. தொழில்நுட்ப ஆதரவாளர் முதல் பாதியைப் பிடித்துக்கொள்ளலாம், எதிர்ப்பாளர் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொள்ளலாம்.

மாறாக, பெரு நாட்டின் கிராமப் பள்ளிகளில் ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்துப் பார்த்த ஆய்வில், பதினைந்து மாதங்களுக்குப் பிறகும் கணக்கிலோ மொழியிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. கருவி வந்தது, பாடம் நடத்தும் முறை பெரிதாக மாறவில்லை. ஆகவே ‘தொழில்நுட்பம் உதவுமா?’ என்று மொட்டையாகக் கேட்டால் டெல்லியும் பெருவும் எதிரெதிர் சாட்சி சொல்லும். எந்தப் பிள்ளைக்கு, எந்தப் பாடத்தில், எத்தனை நிமிடம், பக்கத்தில் யார் என்று கேட்டால்தான் இரண்டும் ஒத்துப்போகும்.

இந்தக் கருத்தரங்கில் கட்டுரை படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளந்து தீர்க்கக்கூடிய கூற்று எது, அளவுக்கு அடங்காத மதிப்பு எது என்று கட்டுரையின் முதல் பக்கத்திலேயே பிரித்துச் சொல்ல வேண்டும். எந்தத் தரவு வந்தால் தம் நிலையை மாற்றிக்கொள்வார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எந்தத் தரவு வந்தாலும் மாற மாட்டேன் என்பவருக்கும் இங்கே இடமுண்டு. பத்து வயதுப் பிள்ளையின் கையில் திரை இருக்கக்கூடாது என்பதை அவர் மதிப்பாகவே முன்வைக்கலாம், மூளை ஆய்வைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. பிற்பகல் அமர்வு முழுவதும் பள்ளி ஆசிரியர்களுக்கானது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றைத் திரையில் பாடம் நடத்துபவர்கள் அவர்கள். கேள்வி நேரத்தில் முதல் வாய்ப்பும் அவர்களுக்கே. கருத்தரங்கு தொடங்கியதாக அறிவித்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.