துடிக்கும் குழலும் துடியாக் குழலும்



துடிக்கும் குழல் ஒன்று அறுபட்டால் அதிலுள்ள குருதி மட்டும் வடிவதில்லை. துடியாக் குழல்களின் குருதியும் உடன் வடிந்துவிடுகிறது. பத்தாம் நூற்றாண்டுப் பாரசீக மருத்துவர் அலி இப்னு அப்பாஸ் அல்-மஜூசி இந்நிகழ்ச்சியைச் சான்றாக வைத்து, இருவகைக் குழல்களுக்கும் இடையே நுண்துளைகள் உண்டு எனத் துணிந்தார்.

இன்று தமனி எனப்படுவதே அன்று துடிக்கும் குழல். சிரையே துடியாக் குழல். முன்னது இதயத்தில் தோன்றி உயிர்வளியைச் சுமப்பது என்று அன்று கருதினர். பின்னது கல்லீரலில் தோன்றி உணவாலான குருதியைச் சுமப்பது என்றும் அன்று தவறாக நம்பினர். புயித் மரபு மன்னர் அதுதுத் தவ்லாவுக்குப் படைத்த பெருநூலில் மஜூசி கூறும் விளக்கம் இது: துடிக்கும் குழல் விரியும்போது உள்ளே வெற்றிடம் நேரும். அதை நிரப்ப, இதயத்தை அடுத்த பகுதி இதயத்திலிருந்து காற்றையும் மென்குருதியையும் ஈர்க்கும்; தோலை அடுத்த பகுதி வெளிக்காற்றை ஈர்க்கும்; இடைப்பட்ட பகுதியோ துடியாக் குழல்களின் மெல்லிய குருதியை நுண்துளைகள் வழியே ஈர்க்கும்.

தந்துகிகளைக் கண்டறிந்தவர் மஜூசியே என முழங்குவோர் உண்டு. அது மிகை. அறுபட்ட குழலைச் சான்று காட்டும் வாதம் அவருக்கு முன்பே கிரேக்க மருத்துவர் கேலனிடம் உள்ளது. மேலும், மஜூசி சொல்லும் ஓட்டம் சிரையிலிருந்து தமனிக்கு. உண்மையோ நேர்மாறு என 1628இல் ஹார்வி காட்டினார். ஆயினும் கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்ந்த முறையில் பழுதில்லை. தோல்வழியே காற்றுப் புகும் என்று பிழைத்த அதே அறிவுதான் இங்கே உண்மையின் அருகில் சென்றது. பிழையை மறைத்துப் போற்றுவது அவருக்குப் பெருமை சேர்க்காது.

பின்வந்த இப்னு சீனா (980–1037) நாடித் துடிப்பை ஆராயப் பத்துக் கூறுகள் வகுத்தார். அத்துணை நுட்பமான விரல்களை உடையவரே இதயத்துக்கு மூன்று அறைகள் என்றும் எழுதினார்! அவர் நூலுக்கு 1242இல் உரை கண்ட இப்னு அந்நஃபீஸ் பாரசீகர் அல்லர். டமாஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் வாழ்ந்தவர். இதயத்தின் இடைச்சுவரில் துளையே இல்லை, குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று அவர் மறுத்துரைத்தார்.

ஏறத்தாழ 1386இல் ஷீராஸ் நகரத்து மன்சூர் இப்னு இல்யாஸ் பாரசீக மொழியிலேயே ஓர் உடற்கூற்று நூல் இயற்றினார். அதில் முழு மனித உருவங்கள் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. சிரைகளுக்கு ஓர் உருவம். தமனிகளுக்கு வேறோர் உருவம். இரண்டையும் இணைக்கும் நுண்குழல்களை 1661இல், தவளையின் நுரையீரலில், நுண்ணோக்கி வழியே மல்பீகி கண்டார்.