தலைப்பில்லாத ஓவியங்களின் முன்னே



போலந்து ஓவியர் ஸ்ஜிஸ்வாவ் பெக்ஷின்ஸ்கிக்காக ஒரு முழுநாளை ஒதுக்கியிருக்கிறோம். அவர்மீது எனக்குள்ள பற்றை மறைத்துக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார என்னால் முடியாது. அந்தப் பற்றிலிருந்தே பேசுகிறேன்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சாவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1998இல் மனைவி ஸோஃபியா இறந்தார். மறு ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மகன் தோமாஷ் தற்கொலை செய்துகொண்டார். 2005 பிப்ரவரியில், கடன் கேட்டு மறுக்கப்பட்ட ஓர் இளைஞனால் வார்சாவில் தம் வீட்டிலேயே பெக்ஷின்ஸ்கி குத்திக் கொல்லப்பட்டார். இத்தனை துயரம் சூழ்ந்த வாழ்க்கை, அதனால்தான் இத்தனை இருள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆண்டுகளைச் சற்றே பாருங்கள். தலையில் துணி சுற்றிய உருவம் எரியும் நகரை விட்டுத் தவழ்ந்து வருவதும், எலும்பும் நரம்புமாய் எழுந்து நிற்கும் கோபுரங்களும், செந்நிற வானமும் 1970களிலும் 80களின் முற்பகுதியிலும் பிறந்தவை. அப்போது மனைவியும் மகனும் அவர் அருகிலேயே இருந்தார்கள். பழகியவர்கள் அவரை இனிமையாகப் பேசுகிறவர், சிரிக்கத் தெரிந்தவர் என்றே நினைவுகூர்கிறார்கள். பின்னால் வந்த துயரத்தை முன்னால் வரைந்த படத்துக்குள் திணிப்பது அந்த மனிதருக்கும் அந்தப் படத்துக்கும் செய்யும் அநீதி.

இரண்டாம் உலகப் போர் அவரைத் தொடவில்லையா என்று கேட்பீர்கள். 1929இல் சானோக் என்ற சிறு நகரில் பிறந்தவருக்கு, ஜெர்மானியப் படை நுழைந்தபோது பத்து வயது. அந்தச் சிறுவனின் கண்கள் எதையும் பார்த்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் தம் படங்களுக்குப் பொருள் கூற மறுத்தார், தலைப்பும் வைக்கவில்லை. பார்ப்பவரின் கையில் எந்தச் சாவியையும் கொடுக்காமல் நிறுத்திவைக்கிறார். அந்தத் துணிவே என்னை முதலில் அவரிடம் ஈர்த்தது.

அடுத்து ஈர்த்தது கைத்திறன். கிராகோவில் கட்டடக்கலை படித்து 1952இல் முடித்தவர் அவர். கட்டுமான வேலைகளை மேற்பார்வையிட்டுச் சலித்துப்போனவர். ஓவியக் கல்லூரிப் பக்கம் போகவில்லை. புகைப்படம், புடைப்புச் சிற்பம் என்று தேடியலைந்த பிறகே தூரிகைக்கு வந்தார். ஹார்ட்போர்டு பலகையைத் தாமே பதப்படுத்தி, இசையை ஒலிக்கவிட்டு, எண்ணெய் வண்ணத்தில் மணிக்கணக்காக வரைவார். கனவைப் புகைப்படம் எடுப்பதுபோல் வரையவே அவர் விரும்பினார். அதனால்தான் உலகில் இல்லாத அந்தக் கட்டடங்களும் சரியாக நிற்கின்றன: சுமை எங்கே இறங்குகிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் ஒரு பிசகும் இருக்காது. நம்பத்தகுந்தபடி வரையப்பட்டிருப்பதால்தான் நடுங்குகிறோம்.

1977இல் சானோக்கைவிட்டு வார்சாவுக்குக் குடிபெயருமுன், தம் படைப்புகளில் சிலவற்றை வீட்டுக் கொல்லையில் போட்டு எரித்தார். அந்த நெருப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. பின்னர் தம்மிடம் எஞ்சியிருந்தவற்றைப் பிறந்த ஊர் அருங்காட்சியகத்துக்கே எழுதிவைத்தார். சானோக் கோட்டையில் இன்று அவை இருக்கின்றன.

ஒரு படம் பற்றி மட்டும் சொல்கிறேன். தசை வற்றிய இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று தழுவி உட்கார்ந்திருக்கும். அச்சுப்பிரதியில் முதன்முதலாகக் கண்டபோது பிணங்கள் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இரவு மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதுகைப் பற்றியிருந்த விரல்களில் இருந்த இறுக்கம் கண்ணில் பட்டது. செத்தவர்கள் அப்படிப் பிடிப்பதில்லை. அன்றிலிருந்து அதை அன்பின் ஓவியமாகவே பார்த்துவருகிறேன்.

கட்டுரை வாசிக்கப்போகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படத்தையும் திரையில் காட்டியதும் இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். ஆண்டு, வாழ்க்கை வரலாறு, கோட்பாடு எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். முதல் படம் அந்தத் தழுவல்தான். விளக்குகளை அணைக்கச் சொல்கிறேன்.