ஆள் சேராத படிப்பும் பூட்டிய நூல்நிலையமும்

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டங்களில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூலி உயர்வு, வீட்டுமனைப் பட்டா, பஞ்சப்படி என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தில் நூலகவியல் படிப்பை வைத்திருப்பதா, மூடுவதா என்று நாம் ஏன் பேச வேண்டும் என நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. நம்மில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள் அல்ல. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போதுதான் அந்த வாசலுக்குள் கால் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கரும்பு வெட்டியும், மல்லாட்டை பறித்தும், நடவு நட்டும் சேர்த்த காசில் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பிய தாய்மார்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். பிள்ளை ஏறும் நேரத்தில் ஏணியில் எந்தப் படி உருவப்படுகிறது என்று பார்ப்பது நமது வேலைதான்.

“ஆள் சேரவில்லை, ஆகவே மூடுகிறோம்” என்ற பேச்சு நம் ஜில்லாவுக்குப் புதிதல்ல. 2010-ம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிகல் ஆகிய இரண்டு பிரிவுகளிலும் தமிழிலேயே எஞ்சினீயரிங் படிக்க ஏற்பாடு செய்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் விழுப்புரத்திலும் இருக்கின்றன, திண்டிவனத்திலும் இருக்கின்றன. 2023 மே மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. 11 உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவுகள் நிறுத்தி வைக்கப்படும் என்றார்கள். காரணம் என்ன? மாணவர் சேர்க்கை குறைவு. எதிர்ப்புக் கிளம்பியதும் அறிவிப்பை வாபஸ் வாங்கிக் கொண்டார்கள்.

வாபஸ் வாங்கியது நல்லது. ஆனால் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. தமிழில் சொன்னால் நன்றாகப் புரியும் என்று தெரிந்தும் நம் பிள்ளைகள் ஏன் அந்த வகுப்பில் சேரவில்லை? படித்து முடித்தவனைக் கம்பெனிக்காரன் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புகிறான். தமிழ்வழியில் படித்தவர்களுக்குச் சர்க்கார் வேலையில் 20 சதவீதம் ஒதுக்கும் சட்டமும் அதே 2010-ல்தான் வந்தது. ஆனால் ஆள் எடுத்தால்தானே சதவீதம்? பத்து இடம் காலியாகி ஓர் இடம் நிரப்பினால் அதில் 20 சதவீதம் எவ்வளவு என்று நம் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடத் தெரியும். அவர்கள் முட்டாள்கள் அல்ல.

இதே கதைதான் நூலகவியலுக்கும். ஆலைத் தோழர்களுக்கு ஸ்டோர் எப்படி என்று தெரியும். ஆயிரம் உதிரிச் சாமான் இருக்கலாம். எது எந்த அலமாரியில் என்று ஸ்டோர்கீப்பருக்குத் தெரியாவிட்டால் சின்ன ஒரு பேரிங்குக்காக இயந்திரம் ஒரு ஷிப்டு முழுக்க நிற்கும். புத்தகமும் அப்படித்தான். பத்தாயிரம் புத்தகம் குவிந்திருந்தால் அது நூல்நிலையம் ஆகிவிடாது. எதை எதனுடன் சேர்த்து வைப்பது, எப்படிப் பட்டியல் போடுவது, வந்து நிற்கிற ஆளுக்கு என்ன தேவை என்று எப்படி அறிவது என்பதெல்லாம் ஒரு தொழில். பண்ணை வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று சர்க்கார் வெளியிட்ட உத்தரவைக் கேட்டு ஒரு விவசாயத் தொழிலாளி நூல்நிலையத்துக்குப் போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். தொழில் தெரிந்த நூலகர் பத்து நிமிஷத்தில் அதைக் கையில் கொடுப்பார். தெரியாதவர், “அதெல்லாம் தாலுகா ஆபீசில் கேளுங்கள்” என்று அனுப்பிவிடுவார். அந்தப் பத்து நிமிஷத்தின் விலை என்ன என்று பண்ணையாருக்குத் தெரியும்.

இந்தத் தொழிலை இந்தியாவில் ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர் நம் பக்கத்துக்காரர். 1892-ல் பழைய தஞ்சை ஜில்லா சீகாழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். லண்டனுக்குப் போய் இந்த வித்தையைக் கற்றுத் திரும்பினார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. மறு வருஷமே, 1929-ல், அந்தச் சங்கத்தின் பெயரில் கோடைகால வகுப்பு நடத்தினார். 1931-ல் பல்கலைக்கழகம் அந்த வகுப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டது. அதே 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். பள்ளிக்கூடமே எட்டாத ஊர்களுக்கு வண்டி மாடு புத்தகத்தை இழுத்துக் கொண்டு போன காலம் அது. பின்னாளில் ரங்கநாதன் தன் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி நிலைக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1950-களில் ஒரு லட்சம் என்றால் எவ்வளவு என்று மூத்த தோழர்களைக் கேளுங்கள்.

அவரும் அவருடைய சகாக்களும் விடாமல் வற்புறுத்தியதால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படியொரு சட்டம் அதுதான் முதல். அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. இன்று அது ரூபாய்க்கு 10 பைசா. ஆகவே, நூல்நிலையம் என்பது சர்க்கார் போடும் பிச்சை அல்ல. ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் வரி கட்டும் ஜனங்கள் பணம் கொடுத்து நடத்தும் ஸ்தாபனம் அது.

இனி நம் கிராமங்களுக்கு வருவோம். 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளுக்கும் ஆளுக்கொரு நூல்நிலையம் என்று சொல்லி ஐந்து வருஷங்களில் கட்டடம் எழுப்பினார்கள். நல்ல திட்டம், கட்டடம் வந்தது, அலமாரி வந்தது, புத்தகமும் வந்தது. நூலகர்தான் வரவில்லை! உள்ளூரில் யாரோ ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, ஏதோ ஒரு சிறு தொகையை மாதப்படியாகப் பேசினார்கள். ஆலையில் பதிலித் தொழிலாளிக்கு உள்ள மரியாதைகூட அவருக்கு இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் படியை வைத்து யார் குடும்பம் நடத்த முடியும்? அவர் கூலி வேலைக்குப் போன நாளில் நூல்நிலையத்துக்குப் பூட்டு. பிறகு பூட்டே நிரந்தரமாகிவிட்டது. பல ஊர்களில் அந்தக் கட்டடத்தில் இன்று உர மூட்டையும் தேர்தல் சாமானும் கிடக்கின்றன.

ஒரு பக்கம், பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் இருக்கிறார், வகுப்பறை இருக்கிறது, மாணவர் இல்லை. மறுபக்கம், ஊர் ஊராக நூல்நிலையம் இருக்கிறது, தொழில் கற்ற நூலகர் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து, “ஆள் சேரவில்லை” என்று எழுதுகிறவர்களை என்ன சொல்வது? வீடூர் அணை மதகை இறக்கிவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் ஓடவில்லை, ஆகவே வாய்க்காலைத் தூர்த்துவிடலாம் என்று ஒருவன் சொன்னால் நீங்கள் ஒத்துக் கொள்வீர்களா?

நூலகவியல் படிப்பின் தன்மை வேறு, தோழர்களே. கதை, கவிதையில் ஆசை வைத்து இலக்கியம் படிக்க வருகிறவர்கள் உண்டு. புத்தகத்துக்கு எண் போடுவதில் ஆசை வைத்து எத்தனை பேர் வருவார்கள்? பட்டம் வாங்கியபின் மேலும் ஒரு வருஷம் செலவழித்து இதைப் படிக்கிறவன் வேலையை நம்பித்தான் வருகிறான். அந்த வேலையைக் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் சர்க்கார்தான்: பொது நூல்நிலையம், கல்லூரி, பள்ளிக்கூடம். அரசுப் பள்ளியில் தனி நூலகர் என்பது அபூர்வம். ஓய்வு பெற்றவர் இடத்தை நிரப்பாமலே வருஷக்கணக்கில் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. வேலையை நிறுத்துகிற கையும், சேர்க்கை குறைவு என்று குறிப்பு எழுதுகிற கையும் ஒரே உடம்பைச் சேர்ந்தவை. பஞ்சு வாங்குவதை நிறுத்திவிட்டு, உற்பத்தி குறைந்துவிட்டது என்று ஆட்குறைப்பு நோட்டீஸ் ஒட்டும் தந்திரத்தை ஆலைத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

எதிர்த் தரப்பு வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நாலு ஆசிரியர், ஐந்து மாணவர் என்றால் அதுவும் ஜனங்கள் பணம்தானே, அதை ஆள் நிறைந்த வகுப்புக்குத் திருப்பினால் என்ன என்று கேட்கிறார்கள். இதை எள்ளி நகையாடுவது சரியல்ல. கணினி வகுப்பில் உட்கார இடமின்றிப் பிள்ளைகள் நிற்கும்போது காலி வகுப்புக்கு மின்விசிறி சுற்றுவதை நாமும் விரும்பவில்லை. பாடத்திட்டம் பழசாகிப் போனதும் உண்மை. பட்டியல் அட்டை எழுதிய காலம் போய்விட்டது, நூல்நிலையம் கணினிக்குள் புகுந்துவிட்டது. பழைய பாடத்தை மட்டும் வைத்துக் கொண்டு, படிப்பைக் காப்பாற்று என்று கோஷம் போட்டால் நம் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். பாடத்தை மாற்றட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் தலையை எண்ணும்போது ஒழுங்காக எண்ண வேண்டும். இதே பட்டத்தைத் தபால்வழியில் வாங்குகிறவர்கள் ஏராளம். வேலை பார்த்துக் கொண்டே படிக்கிறவர்களுக்கு அதுதான் சௌகரியம். வகுப்பறையில் ஐந்து பேர் என்பதால் படிக்கிறவர்களே ஐந்து பேர்தான் என்று ஆகாது.

அமெரிக்காவில் மூடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. மூடினார்கள். உலகின் முதல் நூலகப் பள்ளியை மெல்வில் டூயி 1887-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் திறந்தார். முதல் வகுப்பில் பெண்களைச் சேர்த்ததற்காகவே நிர்வாகிகளுடன் அவர் மல்லுக்கு நின்றார். இரண்டே வருஷத்தில் அந்தப் பள்ளி வேறு ஊருக்குப் போய்ப் பிறகு திரும்பி வந்த வரலாறும் உண்டு. கடைசியில் 1992-ல் கொலம்பியா அதை மூடியது. கொஞ்சம் முன்பே சிகாகோவும் தன் பள்ளியை மூட முடிவு செய்திருந்தது. இவை ஏழைப் பல்கலைக்கழகங்கள் அல்ல. ஆனால் கொலம்பியா மூடியபோது நியூயார்க்கிலேயே அந்தப் படிப்புக்கு வேறு கல்லூரிகள் இருந்தன. நமக்கு அப்படியா? விழுப்புரத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். தினம் போய்வர முடியாது, விடுதிக்குப் பணம் வேண்டும். நம் பக்கத்தில் ஒரு படிப்பை மூடினால் ஆண் பிள்ளை எப்படியோ சென்னைக்குப் போவான். பெண் பிள்ளைக்கு அத்தோடு படிப்பு முடிந்தது. கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும்.

இந்த ஜில்லாவின் தலைவிதியே அலைச்சல்தான். முன்பு நம் கல்லூரிகள் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021 பிப்ரவரியில் அதைப் பிரித்து விழுப்புரத்துக்கென்றே ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டம் செய்தார்கள். மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்டு முடிவில் அதைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்க இன்னொரு சட்டம் செய்தார்கள். சிதம்பரம் பக்கம், செலவும் மிச்சம் என்பதில் உண்மை உண்டு. ஆனால் சட்டசபையிலும் தெருவிலும் பெயர்ச் சண்டைதான் ஓங்கி ஒலித்தது. எந்த ஊரில் எந்தப் படிப்பு வேண்டும் என்று விழுப்புரத்து மாணவனையோ அவன் தகப்பனையோ கூப்பிட்டுக் கேட்டவர் யார்?

ஆகவே நாம் சொல்வது இது. மூடுவதற்கு முன் சர்க்கார் காலி நூலகர் இடங்களை நிரப்பட்டும். நிரப்பியபிறகு இரண்டு மூன்று வருஷம் பார்க்கட்டும். அதுவரை காலியாக உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு வேலை இல்லையா? இருக்கிறது. கிராம நூல்நிலையச் சாவியை வைத்திருக்கும் ஆண்களையும் பெண்களையும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அழைத்துக் கோடையில் வகுப்பு நடத்தட்டும். படிப்பவர்களுக்கு அந்த நாட்களின் கூலியைக் கொடுக்கட்டும். தேறியவர்களைக் காலமுறைச் சம்பளத்தில் எடுக்கட்டும். இது நாம் கற்பனை செய்த புதுமை அல்ல. 1929-ல் ரங்கநாதன் தொடங்கியதும் கோடை வகுப்புத்தான். ஊரில் வேலையிலிருந்த ஆட்களைக் கூட்டிவைத்துத்தான் இந்தப் படிப்பே நம் நாட்டில் வேர் பிடித்தது. அப்படிச் செய்து பார்த்தபின்னும் வகுப்பு காலியாகவே கிடந்தால், ஆசிரியர் எவரையும் தெருவில் விடாமல் அந்தப் படிப்பை வேறொன்றோடு சேர்ப்பதைப் பற்றி நம்மிடம் வந்து பேசட்டும். அப்போது நாம் பிடிவாதம் பிடிக்க மாட்டோம்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராமசபை கூடும். போகும்போது வீட்டு வரி ரசீதை எடுத்துக் கொண்டு போங்கள். அதில் நூலக வரி எவ்வளவு போட்டிருக்கிறது என்று முதலில் நீங்களே பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு தலைவரிடம் கேளுங்கள்: போன வருஷம் நம் ஊராட்சியில் வசூலான நூலக வரி எவ்வளவு, அது எங்கே போனது, நூல்நிலையச் சாவி யாரிடம் இருக்கிறது, அவருக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். நகரத்தில் இருக்கும் ஆலைத் தோழர்கள் இதே கேள்விகளை நகராட்சிக் கவுன்சிலரிடம் கேட்கட்டும். ஊர் ஊராக வந்த பதில்களைச் சேர்த்து எடுத்துக் கொண்டு, பல்கலைக்கழக அதிகாரிகளைப் பார்க்க ஒரு தூதுக்குழு போகலாம். அதில் இரண்டு பேராவது நூல்நிலையச் சாவி வைத்திருப்பவர்களாக இருக்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள்.