குதிகால் நார் அறுந்தால்
(சிம்பாங் அம்பாட் கூட்டத்தில் பேசியது)



பால் வாளியோடு மேடேறுகையில், பின்னாலிருந்து யாரோ உதைத்தாற்போல் குதிகாலில் 'பட்'டென்று ஓர் அடி. திரும்பினால் ஆளில்லை! அதைச் சுளுக்கென்று எண்ணெய் தேய்க்காதீர்கள். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்குங்கள். பாதம் அசையாவிட்டால் நார் அறுந்ததென்றே கொண்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கத்திக்குப் பயந்து ஒளியவேண்டாம். 2022இல் வெளிவந்த நார்வே ஆய்வில், 526 பேரில் கட்டுப் போட்டவரும் அறுவை செய்தவரும் ஓராண்டில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறியிருந்தனர். கட்டுப் போட்டவரில் நூற்றுக்கு 6 பேருக்கு மறுபடி அறுந்ததும் உண்மை. அறுவையில் அது ஒன்றுக்கும் குறைவு. நரம்புச் சேதமோ அறுவையில்தான் அதிகம். பாதத்தைக் கீழ்நோக்கி வைத்து 2 வாரம் கட்டு, பிறகு குதியை உயர்த்திய பூட்ஸ் 6 வாரம். நாள் கடத்தினால் இந்த வழி கைகூடாது.

கூலி போகுமென்று கட்டைக் கழற்றி நிரைக்கு ஓடாதீர்கள். வேலையில் பட்ட காயத்துக்கு, மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறையாவிட்டால், சொக்சோ தினக்கூலியில் 80 விழுக்காடு தரும். கிராணிமாரே, விபத்தை அன்றே எழுதிவிடுங்கள்!