காற்றாற் குளிரும் எஞ்சினும் மின்னணுத் தீப்பொறியும்



வோக்ஸ்வாகன் 'பீற்றில்' என்னும் வண்டு வடிவ மோட்டார் வண்டியை அறியாதார் நம்மிடையே மிகச் சிலரே. 1938 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் உருப்பெற்ற இவ்வண்டியின் கடைசிப் பிரதி, 2003 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30 ஆம் நாள் மெக்சிக்கோ நாட்டின் புவெப்லா நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இடைப்பட்ட காலத்திற் செய்யப்பெற்றவை 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேற்பட்டன. அவற்றுட் பல இன்றும் ஓடுகின்றன. பழைய வண்டியைப் பேணுவோர் பலர் இந்நாளில் அதன் தீப்பொறி அமைப்பை மின்னணு முறைக்கு மாற்றிக்கொள்கின்றனர். அம்மாற்றத்தை எவ்வாறு செய்தல் வேண்டும், செய்தபின் எவ்வாறு சீர்செய்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நீராற் குளிரும் எஞ்சினிலே தீப்பொறி நேரம் சற்றுப் பிசகினும், சூழ்ந்திருக்கும் நீர் அவ்வெப்பத்திற் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். வெப்பமானியின் முள்ளும் எச்சரிக்கும். பீற்றிலின் எஞ்சினுக்கோ விசிறி தள்ளும் காற்றும், ஓடும் எண்ணெயுமே துணை. முள்ளும் இல்லை. பொறி உரிய நேரத்துக்கு மிக முந்தினால், கலவை தட்டி வெடித்துப் பிஸ்ரனின் தலையைத் துளைக்கும். மிகப் பிந்தினால், எரியும் வாயு வெளியேற்று வால்வைச் சுட்டு ஒடிக்கும். ஆகவே இங்கு நாம் பேசுவது வண்டி சுகமாக ஓடுவதைப் பற்றியது மட்டுமன்று. எஞ்சினின் உயிரைப் பற்றியதுமாகும்.

பழைய முறை எளியது. தீப்பொறியைப் பங்கிடும் கருவி, அதாவது பணிமனைகளில் டிஸ்ரிபியூட்டர் என வழங்குவது, எஞ்சினின் வேகத்திற் பாதி வேகத்திற் சுழல்கின்றது. அதன் நடுத்தண்டிலுள்ள நான்கு முகடுகள் பொயின்ற் எனப்படும் இரு முனைகளை மாறிமாறித் திறந்து மூடுகின்றன. மூடியிருக்கையிற் கொயிலின் முதற்சுருளில் மின்னோட்டம் ஏறிக் காந்தப்புலம் உண்டாகும். திறந்த கணத்தில் அப்புலம் சரிந்து, துணைச்சுருளிற் பல்லாயிரம் உவோற்று மின்னழுத்தம் பிறந்து பிளக்கிற் பொறியாகத் தெறிக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது, ஒரு விநாடிக்கு 100 பொறிகள் வேண்டும். அத்தனை முறையும் முனைகள் மோதிப் பிரிகின்றன. முகட்டில் உராயும் சிறு கட்டையும் தேய்கின்றது. கட்டை தேயத்தேய 0.4 மில்லிமீற்றராக வைத்த இடைவெளி குறுகும். முனைகள் திறக்கும் நேரம் பிந்தும். டிஸ்ரிபியூட்டரில் 1 பாகை பிந்துவது எஞ்சினின் பிரதான தண்டில் 2 பாகை பிந்துவதற்குச் சமம் என்பதை நினைவிற் கொள்க.

மின்னணு முறையில் இம்முனைகளும் கொண்டென்சரும் நீங்குகின்றன. நடுத்தண்டின் முகடுகள்மேல் நான்கு காந்தங்கள் பதித்த வளையம் ஒன்று ஏறும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் உணர்கருவி, 1879 ஆம் ஆண்டில் எட்வின் ஹோல் என்னும் அமெரிக்கர் கண்ட விளைவின் வழியாக, காந்தம் கடந்துசெல்வதை அறிந்து கொயிலின் மின்னோட்டத்தை அறுக்கும். உராய்வு இல்லை, ஆதலால் ஒருமுறை வைத்த நேரம் நெடுங்காலம் நிற்கும். இதுவே இம்மாற்றத்தின் உண்மையான பயன். வண்டியின் வலு பெருகிவிடும் என்று விற்போர் சொல்வதை நான் பெரிதாகக் கொள்வதில்லை. நன்கு சீர்செய்த பொயின்ற் எஞ்சினுக்கும் இதற்கும் வலுவில் வேறுபாடு காண்பது அரிது.

பொருத்துமுன் டிஸ்ரிபியூட்டரையே ஆராய வேண்டும். நடுத்தண்டை விரலாற் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், அதன் உட்புற உருளி தேய்ந்ததென்க. அத்தேய்வை எந்த மின்னணுக் கருவியும் மறைத்துவிடாது. கருவிக்குள் இருக்கும் சுழற்சி எடைகளும் வில்களும் தடையின்றி விரிந்து மீள வேண்டும். வெற்றிடப் பேழை உள்ள கருவியாயின், அதன் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். தட்டு நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். நகராவிடின் பேழையின் சவ்வு கிழிந்தது.

இனிப் பொருத்தும் முறை. பற்றறியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கப்பியிலுள்ள மேல்நிலைக் குறி எஞ்சின் உடலின் பொருத்துக்கோட்டுக்கு நேராக வரும்வரை எஞ்சினைக் கையாற் சுழற்றுங்கள். ரோட்டர், டிஸ்ரிபியூட்டர் விளிம்பிலுள்ள சிறு வெட்டை நோக்கினால் முதலாம் உருளையின் வேளை அதுவே. பொயின்றையும் கொண்டென்சரையும் நீக்கித் தட்டைத் துடைத்து, உணர்கருவியைத் திருகுங்கள். தட்டுக்கும் உடலுக்கும் இடையே உள்ள சிறு நிலத்தொடுப்புக் கம்பி அறுந்திருந்தால், கருவி விட்டுவிட்டு வேலை செய்யும். பலர் புதிய கருவியையே பழிக்கும் கோளாறு பெரும்பாலும் இதுதான். சிவப்புக் கம்பி கொயிலின் 15 ஆம் முனைக்கும், கறுப்புக் கம்பி 1 ஆம் முனைக்கும் செல்வது வழக்கம். மாற்றி இணைத்தாற் கருவி அக்கணமே பாழ். 12 உவோற்று அமைப்புக்குக் கொயிலின் முதற்சுருள் 3 ஓம் தடையுடையதாக இருத்தல் நன்று. அப்போது ஏறக்குறைய 4 அம்பியர் மட்டுமே ஓடும். 1960களின் நடுப்பகுதிவரை வந்த பல வண்டிகள் 6 உவோற்று அமைப்புடையவை. அவற்றுக்கென வேறு கருவி வாங்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்கையிற் சாவியைத் திருப்பி வைத்துவிட்டு வானொலி கேட்கும் பழக்கமுடையோர் அதனை விட்டுவிடுக. கொயில் சூடேறி, பழைய வகைக் கருவிகள் சில அதனாலேயே எரிந்துபோகும். பிளக் கம்பிகளும் தடையுடைய வகையாக இருக்கட்டும்.

இங்கு ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் விடலாகாது. பழைய பீற்றில் எஞ்சினில் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி விசிறிக்கூட்டுக்குள், 3 ஆம் உருளைக்குச் செல்லும் காற்றின் வழியிலே நிற்கும். அவ்வுருளை மற்றவற்றைவிடச் சூடாகும். ஆதலால் நிறுவனத்தார் சில டிஸ்ரிபியூட்டர்களில் அவ்வுருளைக்குரிய முகட்டை மட்டும் சில பாகை பிந்துமாறு கடைந்தனர். சம இடைவெளியிற் காந்தங்கள் பதித்த வளையத்தை ஏற்றும்போது இச்சலுகை மறைந்துவிடும். எண்ணெய்க் குளிர்கருவியை அவ்வழியிலிருந்து விலக்கியமைத்த பிற்கால எஞ்சினில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. முற்கால எஞ்சின் உடையோரோ நேரத்தைச் சற்றுப் பிந்தியே வைத்தல் வேண்டும்.

நேரம் வைப்பதற்குப் பழைய முறைப்படி சிறு மின்குமிழைத் தொடுத்து எஞ்சின் நிற்கையிற் பார்த்தல் போதாது. மின்னொளி விளக்கு வேண்டும். கப்பியின் சுற்றளவை நாடாவால் அளந்து 12 ஆல் வகுத்தால், 30 பாகைக்குரிய தூரம் கிடைக்கும். மேல்நிலைக் குறியிலிருந்து வலப்புறமாக அத்தூரத்தில் வெண்கோடு இடுங்கள். சுழற்சி எடைகள் மட்டுமே உள்ள 'பொஷ் 009' வகையாயின், எஞ்சினை நிமிடத்துக்கு 3500 சுழற்சிவரை உயர்த்தி, அக்கோடு பொருத்துக்கோட்டுக்கு நேராகுமாறு அமைக்க வேண்டும். டிஸ்ரிபியூட்டரின் உடலை வலஞ்சுழியாகத் திருப்பினாற் பொறி பிந்தும். இடஞ்சுழியாகத் திருப்பினால் முந்தும். வெற்றிடப் பேழை உள்ளவற்றுக்கு அந்தந்த எஞ்சினுக்கென நிறுவனத்தார் கொடுத்த அளவே வழி. சிலவற்றில் குழாயைக் கழற்றியும், வேறு சிலவற்றில் மாட்டியபடியும் அளக்க வேண்டும். 009 இன் பெயர் பெரிதாயினும், பிற்காலக் காபரேற்றருடன் அது சேரும்போது வேகமிதியை அழுத்திய கணத்தில் எஞ்சின் தயங்கும். வெற்றிடப் பேழை நல்ல நிலையில் இருக்குமாயின் அதனைக் கழற்றி எறிய வேண்டாம் என்பதே என் கருத்து.

சீர்செய்தபின் நான்கு பேரை ஏற்றி ஒரு நீண்ட ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். தட்டும் ஒலி கேட்டால், உடனே 2 பாகை பின்னிடுக. 92 ஒக்டேன் பெற்றோல் ஊற்றுவோர் இதிற் சிறப்பாகக் கவனம் வைத்தல் நன்று.

கழற்றிய பொயின்றையும் கொண்டென்சரையும், இடைவெளி அளக்கும் தகட்டையும், ஒரு சிறு திருகாணியோட்டியையும் துணியிற் சுற்றி வண்டியிலேயே வையுங்கள். மின்னணுக் கருவி முன்னறிவிப்பின்றியே சாகும். பாதையோரத்திற் பழுதுபார்க்க இயலாது. பழைய முனைகளை மாட்டி வீடு வந்து சேர அரை மணி நேரம் போதும்.