‘ஏன் சிஸ்டர்?’ என்று கேளுங்கள்!

 

1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. டிப்ளமா பயிற்சி இருக்கும்போது பட்டம் எதற்கு? காரணம் தெரிந்து வேலை செய்வதற்கு என்பதுதான் என் பதில்.

டிகாக்சின் மாத்திரை கொடுக்குமுன் ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத்துடிப்பை ஒரு முழு நிமிஷம் எண்ணணும் என்று நோட்டில் எழுதியிருப்பீர்கள். வார்டு அவசரத்தில், பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் என்ன என்று தோணும். துடிப்பு சீராக இல்லாதவரிடம் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். அந்த மருந்தோ துடிப்பைக் குறைப்பது. பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால், மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மனப்பாடம் பண்ணினது பரீட்சையோடு போகும்; காரணம் புரிந்தது கையிலேயே நிற்கும். அதில் ஓர் உயிர் இருக்கிறது.

நைட் டியூட்டி முடிந்து வகுப்புக்கு வந்தால் கண் சொக்கும், எங்களுக்கும் சொக்கியது. இருந்தாலும் தினம் ஒரு கேஸ் ஷீட்டை எடுத்து, ‘இவருக்கு இந்த மருந்து ஏன்?’ என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை டியூட்டரை விடாதீங்க.

தோழியரே, மாணவி ‘ஏன் சிஸ்டர்?’ என்று கேட்டால், ‘போய் வேலையைப் பாரு’ என்று விரட்டாதீர்கள். நின்று பதில் சொல்லுங்கள்.