கைத்தொலைபேசியில் ஓர் அமானிதம்



கட்டாரிலோ சவூதியிலோ தொழில் புரியும் வாப்பா, ஊரிலுள்ள பிள்ளைகளோடு பேசுவது இன்று பெரும்பாலும் வட்ஸ்அப் மூலமாகவே. திருமணப் பேச்சு, நோயாளியின் மருத்துவ அறிக்கை, அடையாள அட்டையின் படம், வீட்டுப் பெண்களின் புகைப்படங்கள் யாவும் அவ்வழியே செல்கின்றன. ஒருவர் நம்பிச் சொன்ன சொல் அமானிதம் எனக் கற்றவர்கள் நாம். அச்சொல் ஒரு கருவிக்குள் கிடக்கும்போது அதனைக் காப்பது எவ்வாறு?

2016ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வட்ஸ்அப் செய்திகள் அனுப்புபவரின் கருவியிலேயே மறைகுறியீடாக மாற்றப்பட்டு, பெறுபவரின் கருவியில் மாத்திரமே திறக்கப்படுகின்றன. இடையிலுள்ள நிறுவனத்தாலும் அவற்றை வாசிக்க இயலாது. டெலிகிராமே மிகப் பாதுகாப்பானது என எண்ணும் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் சாதாரண உரையாடல்கள் நிறுவனத்தின் கணினிகளிலேயே சேமிக்கப்படுகின்றன. திறப்பும் அவர்களிடமே இருக்கிறது. இரகசிய உரையாடலைத் தனியே தெரிவு செய்தால் மாத்திரமே அந்த முழுப் பூட்டு கிடைக்கும். குழுக்களுக்கு அதுவும் இல்லை. எந்தக் கருவியில் நுழைந்தாலும் பழைய செய்திகள் யாவும் உடனே வந்து நிற்கின்றனவே, அவ்வசதிக்கு நாம் கொடுக்கும் விலை அதுதான்.

வட்ஸ்அப்பிலும் இத்தகைய விலை உண்டு. கைத்தொலைபேசி தொலைந்தாலும் உரையாடல்கள் திரும்பக் கிடைப்பது, கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ அவற்றின் பிரதி இருப்பதால் ஆகும். அப்பிரதிக்கும் அதே பூட்டை இடும் வசதி 2021 ஒக்டோபரில் அறிமுகமானது. ஆயினும் அதனை நாமே இயக்க வேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் நிறுவனத்தாலும் பிரதியைத் திறந்து தர முடியாது. ஆகவே அதனைக் கடதாசியில் எழுதிப் பிறப்புச் சான்றிதழோடு அலுமாரியில் வைத்துவிடுங்கள். கணினி கற்றவர்கள் சிரிக்கக்கூடும், சிரிக்கட்டும். நமது அலுமாரியைத் திறக்கும் திருடனைவிட நமது மறதியே எனக்கு அதிகம் அச்சமூட்டுகிறது.

பூட்டை உடைக்காமலே உள்ளே வருவோரும் உளர். "உங்கள் இலக்கத்துக்கு 6 இலக்கக் குறியீடொன்று தவறி வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள்" என்று நானாவின் பெயரிலிருந்தே செய்தி வரும். அனுப்பினால் உங்கள் கணக்கு அந்நியனின் கைக்குப் போய்விடும். அடுத்து உங்கள் பெயரால் உறவினரிடம் பணம் கேட்கப்படும். இதற்கு எதிராக இருபடிச் சரிபார்ப்பு என்னும் இரகசிய இலக்கத்தை ஏற்படுத்தலாம். அதனை அவ்வப்போது கேட்டுத் தொல்லை தருமே என்பார் சிலர். அந்தத் தொல்லை மிக மலிவானது.

பெற்றோர்களே, உங்களோடும் ஒரு வார்த்தை. ஒரு வட்ஸ்அப் கணக்கை வேறு 4 கருவிகளில் இணைக்கலாம். திறந்து கிடக்கும் கைத்தொலைபேசி ஒரு நிமிடம் கைக்குக் கிடைத்தாற் போதும். இவ்வாறு வளர்ந்த மகளின் உரையாடல்களை இரகசியமாக வாசிக்கும் தாய், "அது என் பொறுப்பு" என்பார். சூரா அல்ஹுஜுராத்தில் துருவித் துருவி ஆராய்வது தடுக்கப்பட்டிருக்கிறது. அன்றியும் அங்கே இருப்பது மகளின் பேச்சு மட்டுமல்ல. அவளை நம்பித் தோழி சொன்ன வீட்டுத் துயரமும் இருக்கிறது. அத்தோழி உங்களிடம் அதனைச் சொல்லவில்லை. சிறுபிள்ளையின் கருவியைக் கண்காணிப்பது வேறு. அதனைப் பிள்ளை அறியவே செய்யுங்கள். இளையோரே, அமைப்புகளில் 'இணைக்கப்பட்ட கருவிகள்' என்னும் பகுதியைப் பாருங்கள். அறியாத கருவி எதுவும் இருப்பின் அங்கேயே நீக்கிவிடலாம்.

சிக்னல் போன்ற கடுமையான செயலிக்குக் குடும்பம் முழுவதையும் மாற்றலாமா என இளைஞர் சிலர் வினவுகின்றனர். மூத்தம்மாவால் அதைப் பழக முடிந்தால் நல்லதே. முடியாவிட்டால், பேரப்பிள்ளையின் படம் கேட்டு அவர் அயல்வீட்டாரின் பேஸ்புக்கை நாடுவார். படமும் அங்கே போகும். அவருக்குப் பழகிய செயலியிலேயே இருந்துகொண்டு, அடையாள அட்டைப் படங்களை மாத்திரம் ஒருமுறை பார்க்கும் வகையில் அனுப்புங்கள். இவ்வசதி 2021 முதல் வட்ஸ்அப்பில் உண்டு. பெறுபவர் மற்றொரு கைத்தொலைபேசியால் திரையைப் படமெடுப்பதை மட்டும் எந்தச் செயலியாலும் தடுக்க இயலாது.